அண்ணை அழுத்திய பொத்தான்

லாசால்
2020 மே 9, சனிக்கிழமை

அண்ணை,

தபாலில் கடிதம் வருகிறதே, யாரோ போய்விட்டார்கள் என்று பதற வேண்டாம். அம்மா சுகமாக இருக்கிறா. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் வழமைபோல டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வருகிறேன். இன்றைக்கும் போய் வந்தாயிற்று. களைப்பில் படுத்திருக்கிறா.

தொலைபேசி எடுக்காததற்குக் காரணம், நான் ஒரு வசனம் முடிக்குமுன் நீங்கள் முப்பது வசனம் சொல்லி முடித்துவிடுவீர்கள். மின்னஞ்சல் எழுதாததற்குக் காரணம், எனக்கு வருகிற மின்னஞ்சல்களுக்கு எனக்குப் பதிலாக நீங்களே பதில் எழுதுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. கடதாசியில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை, எல்சாட், அதற்கு நான் ஏப்ரல் மாதத்துக்குப் பதிந்திருந்தது உங்களுக்குத் தெரியும். வைரஸ் வந்து மண்டபங்களைப் பூட்டியதும் அந்தப் பரீட்சையை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக மே மாதம் அவரவர் வீட்டிலிருந்தே கொம்பியூட்டரில் எழுதலாம் என்றார்கள். ஏப்ரலுக்குப் பதிந்தவர்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, பெயர் தானாக மாறிவிடும் என்று என்னோடு சேர்ந்து படிக்கிற ஒருத்தி சொன்னாள். அதை நம்பினேன். மற்ற நாட்களில் துறைமுகத்தடி ஒஃபிசில் நாள் முழுக்கக் கொள்கலன் லொறிகளுக்குப் பத்திரம் எழுதிவிட்டு, பஸ்ஸில் முகமூடியோடு வந்து, அம்மாவுக்கு உப்பில்லாமல் சமைத்து, மிச்சமிருந்த நேரத்தில் படித்தேன்.

பரீட்சை நேரம் குறித்துக்கொள்ளலாம் என்று இன்று உள்ளே போய்ப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே, பரீட்சார்த்தியின் வேண்டுகோளின்படி விலக்கப்பட்டது என்று இருக்கிறது.

நான் அப்படியொரு வேண்டுகோள் விடவில்லை. அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. அம்மாவின் ஓய்வூதியம், என்னுடைய வரி, சித்தப்பாவின் கடவுச்சீட்டு எல்லாமே உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். எங்கள் குடும்பத்தில் படிவம் என்றால் நீங்கள். "அவன் நிரப்பினா ஒரு பிழை வராது" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவ. போன வருடம் நானும் புத்தியில்லாமல் உங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து இருந்தேன்.

ஒன்ராறியோவில் நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் என் கோப்பைக் காத்திருப்பில் வைத்திருக்கிறது. மற்றதெல்லாம் அவர்களுக்குத் திருப்தி. பரீட்சைப் புள்ளி மட்டும் ஜூலை நடுவுக்குள் வரவேண்டும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. இன்னொரு வருடம் தள்ளிப்போட என்னால் முடியாது.

மே மாதப் பரீட்சை பற்றி உங்களுக்கு மின்னஞ்சல் வந்ததா, வரவில்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

துஷாந்தினி


ரொக்ஸ்பரோ
2020 மே 13

அன்புத் தங்கச்சி துஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணி தனுஷா உறையைக் கிருமிநாசினியால் துடைத்து, இரண்டு நாள் கராஜில் வைத்த பிறகுதான் என்னிடம் தந்தவ. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு அண்ணனுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுமளவுக்கு நீ பெரிய ஆளாகிவிட்டாய். சந்தோஷம்.

கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. அப்படியொரு மின்னஞ்சல் எனக்கு வரவில்லை. இந்த நேரத்தில் எந்த ஒஃபிஸ் ஒழுங்காக வேலை செய்கிறது? அவர்கள் ஏதோ குழப்பியிருப்பார்கள், அல்லது நீயே அவசரத்தில் எதையாவது அழுத்தியிருப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அவதிப்புத்தி.

இந்த இரண்டு மாதத்தில் நான் அறுபத்து மூன்று குடும்பங்களுக்கு அரசாங்க உதவிப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கணேசலிங்கம் அண்ணை போனில் அழுதவர். "தம்பி, நீ இல்லாட்டி நாங்கள் எங்க போறது" என்று கேட்டவர். அவர்களில் ஒருவரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஓமா இல்லையா என்று கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் கேட்கிறாய்.

மூச்சுவிட முடியாமல் சனம் ஆஸ்பத்திரியில் கிடக்குது. உனக்குப் பரீட்சை. நானும் பேசாமல்தான் இருந்தேன், ஆனால் இப்போது கேட்கிறேன்: இந்த வயதில் சட்டம் படித்து என்ன கிழிக்கப்போகிறாய்? அங்கே படித்துவிட்டு வந்து இங்கே டாக்ஸி ஓடுகிற மூன்று பேரை எனக்குத் தெரியும். உன் வயதில் தனுஷா இரண்டு பிள்ளையை வளர்த்து, வீடும் வாங்கிவிட்டா. நீ இன்னும் கொப்பியும் பென்சிலுமாக இருக்கிறாய். ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்ல?

அதைவிட, அது என்ன மரியாதையில்லாத பரீட்சை? எங்கேயோ இருக்கிற ஒருவன் கமராவுக்குள்ளால் உன் அறையின் நாலு மூலையையும் பார்ப்பானாம். தலைமயிரை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டச் சொல்லுவானாம். ஒரு பெம்பிளைப்பிள்ளை இருக்கிற வீட்டில் நடக்கிற காரியமா இது? நின்றது நல்லதுக்கு என்று நினைத்துக்கொள்.

அம்மாவின் மருந்து முடிந்தால் சொல். ஞாயிற்றுக்கிழமை சாமான் கொண்டுவந்து வாசலில் வைப்பேன்.

உன் நன்மையை மட்டும் நினைக்கும்
கீர்த்திகன்


லாசால்
2020 மே 17

அண்ணை,

காதிலிருந்து தொடங்குவோம்.

பரீட்சையில் காதைக் காட்டச் சொல்லுவார்கள் என்று உங்கள் கடிதத்தை வாசிக்கும்வரை எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாததை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. அண்ணிக்கும் கனவில் வந்திருக்காது. ஆகவே வெள்ளிக்கிழமை பரீட்சை நடத்துகிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் கதைத்தாள். மிகவும் பொறுமையான பெண். என் கணக்கில் நடந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

அறையைக் காட்டவேண்டும், காதைக் காட்டவேண்டும் என்ற விபரமெல்லாம் ஏப்ரல் 16 அன்று அனுப்பிய மின்னஞ்சலில் இருந்திருக்கிறது. உங்களுக்கு வரவேயில்லை என்ற அதே மின்னஞ்சல். அதன் அடியில், மே மாதம் எழுத விரும்பாதவர்களுக்காக விலகுகிறேன் என்று ஒரு பொத்தான். ஏப்ரல் 19, பின்னேரம் நான்கு ஐம்பதுக்கு யாரோ அதை அழுத்தியிருக்கிறார்கள். உடனே, நிச்சயமாக விலகுகிறீர்களா என்று இன்னொரு தரம் கேட்டிருக்கிறது. அதையும் அழுத்தியிருக்கிறார்கள். முதல் தரம் கை வழுக்கியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தரமும் வழுக்குமா?

ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை. நான் வேலையில் நின்றேன். நீங்கள் சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் நின்று பால்கனியில் நின்ற அம்மாவோடு கதைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். லாசாலிலிருந்து ரொக்ஸ்பரோவுக்கு அன்றைக்கு வீதியில் ஒரு வாகனம்கூட இருந்திராது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொம்பியூட்டரைத் திறக்கச் சரியாக நேரம் வருகிறது.

இது முதல் தடவையும் இல்லை. நான் பல்கலைக்கழகத்துக்கு முதன்முதல் விண்ணப்பித்தபோது அரசியல் விஞ்ஞானம் என்று சொன்னேன். நீங்கள் கணக்கியலுக்கு அடையாளமிட்டு அனுப்பினீர்கள். அதை மாற்ற எனக்கு ஒரு வருடம் போனது. "உனக்கு எது நல்லது எண்டு உனக்குத் தெரியாது" என்றீர்கள். அன்றைக்கு நான் அழுதேன். இன்றைக்கு அழுகிற எண்ணமில்லை. அந்த அறுபத்து மூன்று குடும்பங்களில் எத்தனை பேருக்கு இப்படி அவர்களுக்குத் தெரியாமல் நன்மை செய்திருக்கிறீர்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

ஜூன் மாதப் பரீட்சைக்குப் பதிந்துவிட்டேன், என் சொந்த மின்னஞ்சலில். புள்ளி தவணைக்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். புளுகு வேண்டாம்.

துஷாந்தினி


ரொக்ஸ்பரோ
2020 மே 24

துஷா,

இது அண்ணனுக்கு எழுதிய கடிதமா, பொலிசுக்குக் கொடுத்த முறைப்பாடா? தனுஷா வாசித்துவிட்டு, "உங்கட தங்கச்சிக்கு வாய் நல்லா நீண்டிட்டுது" என்று சொன்னவ. நானும் ஓம் என்று தலையாட்டினேன், ஏனென்றால் அவ சொன்னது சரி.

ஓம், அழுத்தினேன். இரண்டு தரமும் நான்தான் அழுத்தினேன். மறைக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை. உன் மனம் நோகக்கூடாது என்றுதான் முதலில் அப்படி எழுதினேன். குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில் நான் எடுத்த முடிவு அது, என் சொந்த முடிவு. அப்பா இருந்திருந்தால் அவரும் அதையே செய்திருப்பார்.

நீ ஒன்ராறியோவுக்குப் போனால் கிழமைக்கு மூன்று நாள் அம்மாவை ஆர் டயாலிசிஸுக்குக் கொண்டுபோவது? தனுஷாவுக்கு ஆஸ்மா. இந்த நேரத்தில் அவவை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பலாமா? எனக்கு வேலை. பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், ஆளுக்கொரு அறை வேண்டிக்கிடக்கு. இதில் ஒன்றையாவது நீ யோசித்தாயா? பரீட்சைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆறு பேர் ஆறு கதிரையில் எப்படி இருப்பார்கள், ஆர் ஆருக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார் என்று புதிர் போடத்தான் உனக்குத் தெரியும். அதுதான் சட்டமாம். எங்கட வீட்டில் கதிரை எத்தனை, ஆள் எத்தனை என்று உனக்குத் தெரியாது.

நான் உன் படிப்பை நிறுத்தவில்லை, பின்போட்டேன். அவ்வளவுதான். பரீட்சை அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும். அம்மா எத்தனை வருடம் இருப்பா என்று ஆருக்குத் தெரியும்? அவவின் காலம் முடியட்டும், பேந்து நீ எங்கே வேண்டுமானாலும் போ, என்ன வேண்டுமானாலும் படி. நான் மறிக்கமாட்டேன். இதை ஒரு அண்ணன் சொல்லுகிற நியாயமாக எடுத்துக்கொள்.

ஜூன் மாதம் எழுதப்போகிறாயாம். எழுது. அந்த மூன்றரை வீட்டில், மேலே பிள்ளைகள் குதிக்க, கீழே லொறி உறும, அம்மா இருமிக்கொண்டிருக்க, எப்படி எழுதுகிறாய் என்று பார்ப்போம்.

கீர்த்திகன்


லாசால்
2020 ஜூன் 20

அண்ணை,

புதன்கிழமை எழுதிவிட்டேன்.

மூன்றரை வீடு என்று நக்கலடித்தீர்கள். உண்மைதான், மூன்று அறை, அரை என்று இந்த ஊரில் கணக்கில் சேர்ப்பது குளியலறையை. அந்த அரையில் இருந்துதான் எழுதினேன், ஏனென்றால் இந்த வீட்டில் ஒழுங்காகச் சாத்துகிற கதவு அதற்கு மட்டும்தான் இருக்கிறது. உடுப்பு அயன் பண்ணுகிற பலகையை விரித்து அதில் லப்ரொப்பை வைத்தேன். ரொய்லற்றை மூடி அதன்மேல் ஒரு தலையணை போட்டு இருந்தேன். முகக்கண்ணாடியை அம்மா துவாயால் மூடிக் கட்டினா. கமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் குளியல் தொட்டியின் திரையை விலக்கிக் காட்டச் சொன்னான், உள்ளே சட்டம் படித்த யாரும் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க. காதையும் காட்டினேன். என் மானம் மரியாதை ஒன்றும் போகவில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மேல் வீட்டு வசந்தகுமாரி அக்காவிடம் முதல்நாள் போய், பிள்ளைகள் கொஞ்சம் குதிக்காமல் இருந்தால் உதவி என்று கேட்டேன். "இதுக்கு ஏன்மா இவ்ளோ தயங்கறே? ஹர்ஷையும் ஹம்சினியையும் ரெண்டு மணி நேரம் பார்க்குக்கு அழைச்சிட்டுப் போயிடறேன். நீ நிம்மதியா எழுது" என்றா. மழை தூறியது. குடையோடு போனா. எனக்கு அவ யார்? படியில் பார்த்தால் சிரிக்கிற ஆள். என் கூடப் பிறந்தவர் நான்கு அறை வீட்டில் இருந்துகொண்டு, நான் எப்படி எழுதுகிறேன் பார்ப்போம் என்று எழுதுகிறார்.

அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு முழு நேரமும் காவல் இருந்தா. இருமல் வந்தபோதெல்லாம் எழும்பிப் போய்ப் பால்கனியில் நின்று இருமிவிட்டு வந்திருக்கிறா. இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் குடிக்கவில்லை, குடித்தால் குளியலறை தேவைப்படும் என்று.

அந்தக் கதிரைப் புதிரை நீங்கள் கேலி செய்ததால் நம் குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணிக்குப் பக்கத்தில் அம்மா இருக்க முடியாது. அண்ணி சொல்லாமல் அண்ணை எழும்ப முடியாது. அண்ணி நின்ற இடத்திலேயே ஓடுகிற உடற்பயிற்சி மெஷினுக்கு ஒரு அறை வேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்து எப்படிச் சுற்றிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது, அம்மா துஷாந்தினியின் வீட்டில். அதுவும் அவவின் காலம் முடியும்வரை. பெற்ற தாய் சாகட்டும், பேந்து படி என்று தங்கச்சிக்கு எழுத ஒரு மனம் வேண்டும். அந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை.

இன்னொன்று. அம்மாவின் கணக்குகள் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலிலிருந்து எடுத்துவிட்டேன். சித்தப்பாவுக்கும் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தேன். கணேசலிங்கம் அண்ணையும் கேள்விப்பட்டு, தனக்கும் ஒருக்கால் சொல்லித்தரச் சொன்னார். "ஏன் பிள்ளை, தம்பியில என்ன பிழை" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. அது உங்கள் சொந்த முடிவு என்று எழுதினீர்கள். வேறு ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? நன்றாக யோசித்துவிட்டு எழுதுங்கள்.

துஷாந்தினி


ரொக்ஸ்பரோ
2020 ஜூன் 26

துஷா,

என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாய்? கணேசலிங்கம் அண்ணை நேற்று எனக்குப் போன் எடுத்து, தன்னுடைய படிவங்களை இனித் தானே பார்க்கிறாராம் என்று இழுத்து இழுத்துச் சொல்லுறார். பதினெட்டு வருடம் நான் அந்த மனிசனுக்குச் செய்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கோயில் நிர்வாகத்திலும் கதை போயிருக்கும். இந்தச் சனத்துக்கு நடுவில் நான் தலைநிமிர்ந்து நடக்கக்கூடாது, அதுதானே உனக்கு வேண்டும்?

ஆர் சொன்னது என்று கேட்டாய். இவ்வளவு நாளும் நான் வாய் திறக்கவில்லை. இனி ஏன் மூடவேணும்? கேள்.

அம்மாதான் சொன்னவ. நீ தெய்வமாத் தூக்கி வைச்சிருக்கிறியே, கதவடியில காவல் இருந்தா எண்டு எழுதினியே, அந்த அம்மாதான். ஏப்ரல் 19, பால்கனியில நிண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவ. "தம்பி, அவளைப் போகவிடாதை. அந்தச் சோதினையை எப்பிடியாவது நிப்பாட்டிப் போடு. அவளுக்குச் சொல்லிப்போடாதை" எண்டு சொன்னவ. கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்காரி சன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டவள். பெத்த தாய் கும்பிட்டுக் கேட்டதை நான் செய்தனான். அது குற்றமோ?

இப்ப போய் அவவிட்டக் கேள். இல்லை எண்டு சொல்லட்டும் பாப்பம். கணேசலிங்கம் அண்ணைக்கும் இதையே சொல்லு. நான் சொந்தமா ஒண்டும் செய்யேல்லை, அம்மா சொல்லித்தான் செய்தனான் எண்டு சொல்லு. என்ர பேரைக் கெடுக்க உனக்கு ஒரு உரிமையும் இல்லை.

கீர்த்திகன்


லாசால்
2020 ஜூலை 12

அண்ணை,

புள்ளி வந்துவிட்டது, நூற்று எண்பதுக்கு நூற்று அறுபத்து மூன்று. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்தும் எழுதினார்கள். இடம் கிடைத்துவிட்டது.

அம்மாதான் சொன்னவ என்பது எனக்கு மே 9 ஆம் திகதியே தெரியும். முதற் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில் டெப்பனர் கடையில் பாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா எழும்பி இருந்தா. பெயர் இல்லை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "பிள்ளை, நான்தான் அண்ணையிட்டச் சொன்னனான்" என்று அழத் தொடங்கிவிட்டா. மூன்று கிழமை அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சோறும் இறங்காமல் இருந்திருக்கிறா. நான் அதை அவவின் நோய் என்று நினைத்து டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் அவவோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டது தெரியாததைத் தெரிந்துகொள்ள அல்ல. நீங்கள் அவவைக் காட்டிக்கொடுப்பீர்களா என்று பார்க்கத்தான். மே மாதம் என் சொந்த முடிவு என்று எழுதினீர்கள். வாசித்தபோது, பொய்யாக இருந்தாலும் அம்மாவுக்காகச் சொல்லுகிறார் என்று உங்கள்மேல் ஒரு சின்ன மரியாதை வந்தது. அதற்காகத்தான் கடைசிக் கேள்வியில் நன்றாக யோசிக்கச் சொன்னேன். கணேசலிங்கம் அண்ணை ஒரு போன் எடுத்ததும் அம்மாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். அவருக்கும் சொல்லச் சொல்கிறீர்கள். அம்மாவின் பெயர் கெட்டாலும் படிவம் நிரப்புகிறவரின் பெயர் கெடக்கூடாது.

நீங்கள் எழுதாமல் விட்ட பகுதியையும் அம்மா சொன்னா. அவ கும்பிட்டதற்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது. "துஷா போனா உங்களை ஹோமிலதான் விடவேணும் அம்மா. எங்கட வீட்டில இடமில்லை எண்டு உங்களுக்கே தெரியும்தானே." அதுதான் நீங்கள் சொன்னது. ஏப்ரல் மாதம். முதியோர் இல்லங்களில் பார்க்க ஆளில்லாமல் வயதானவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த செய்தி காலையும் மாலையும் ரி.வி.யில் போய்க்கொண்டிருந்த கிழமை. தனியாக வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசியிடம் போய், கார் நிறுத்துகிற இடத்தில் நின்று, முகமூடியைக் கழற்றாமல் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு, அம்மா கும்பிட்டவ என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்குச் சிரிப்பும் வருகிறது. பல்கலைக்கழகக் கணக்கில் இருந்த பழைய செய்திகளை எல்லாம் இந்தக் கிழமைதான் திறந்து வாசித்தேன். வைரஸ் காரணமாக முதல் வருடம் முழுவதும் இணையத்தில்தான் வகுப்பு, ஒருவரும் ஒன்ராறியோவுக்கு வரத் தேவையில்லை என்று மே 11 அன்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை என்று நீங்கள் எழுதுவதற்கு இரண்டு நாள் முன். ஊர்ச் சனத்துக்கெல்லாம் படிவம் வாசிக்கிற நீங்கள் அந்தப் பத்து வரியை வாசித்திருந்தால் அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் தேவைப்பட்டிராது. நான் எங்கேயும் போகவில்லை. இந்த வீட்டிலேயே இருந்து படிக்கப்போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பேந்து ரெண்டாம் வருசம்?" என்று கேட்டா. ரெண்டாம் வருடம் நீங்களும் என்னோட வாறியள் என்று சொன்னேன். அங்கேயும் டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரி இருக்கிறது, கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் ஒரு அறையையும் நாங்கள் தொடப்போவதில்லை என்று அண்ணியிடம் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கட்டும்.

ஆனால் செப்டெம்பரிலிருந்து செவ்வாயும் வியாழனும் எனக்குக் காலையில் வகுப்பு. அந்த இரண்டு நாளும் அம்மாவை நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். ஆறே முக்காலுக்குக் கீழே வந்து நிற்கவேண்டும். பின் சீற்றில் ஒரு தலையணை வையுங்கள், முடிந்து வரும்போது அவவுக்குத் தலை சுற்றும். வழியில் அரசியல் கதைக்க வேண்டாம். கணேசலிங்கம் அண்ணையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அது உங்களுக்காக அல்ல.

இந்தக் கடிதத்தை முழுவதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உங்கள் கடிதங்களையும் சேர்த்து. ஒரு இடத்திலும் அவ அழவில்லை. உறையை ஒட்டப்போனபோது, "பொறு, தம்பிக்கு நானும் ஒண்டு கேக்கவேணும், எழுது" என்றா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் பயத்தில சொல்லிப்போட்டன் தம்பி. நீ என்னத்துக்கு ராசா அந்தப் பொத்தானை அமத்தினனி?"

துஷாந்தினி